குயினோவா வேண்டாம், பருப்பைக் கூட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளை அரிசியை அடியோடு நிறுத்துங்கள், தென்னமெரிக்கத் தானியமான குயினோவாவுக்கு மாறுங்கள், ஆலிவ் எண்ணெயில் சமையுங்கள், காலையில் அவகாடோ சாப்பிடுங்கள் என்று அதில் அறிவுரை. குயினோவாவில் நார்ச்சத்து உண்டு, ஆலிவ் எண்ணெய் இதயத்துக்கு நல்லது, எல்லாம் சரிதான். ஆனால் மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா இதைப் படித்தால் என்ன செய்வாள்? பேப்பரை மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

நான் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், ஒரு சமூக மருத்துவ நிலையத்தில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மெரிமாக் ஆற்றங்கரையில் பழைய நெசவாலைக் கட்டடங்கள் நிறைந்த ஊர் இது. இன்று இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் கரீபியன் கடலில் இருக்கும் டொமினிகன் குடியரசிலிருந்தும், அதே கடலில் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருக்கும் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்தும் வந்த குடும்பத்தினர். இவர்களைப் போல லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களையெல்லாம் சேர்த்து அமெரிக்காவில் லத்தீனோக்கள் என்பார்கள். என்னிடம் வருபவர்களில் பலருக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, அல்லது இரண்டும். மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் வரும் பதில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த எனக்குப் புதிதில்லை. சோறுதான்.

டொமினிகன் வீட்டு மதியச் சாப்பாடு என்பது தட்டு நிறைய வெள்ளைச் சோறு, அதன்மேல் சிவப்பு பீன்ஸ் குழம்பு, ஓரத்தில் கொஞ்சம் இறைச்சி. பீன்ஸ் என்றால் இங்கே நம் ஊர்க் காய் அல்ல, ராஜ்மா மாதிரியான காய்ந்த பயறு. வாழைக்காயை ஒரு முறை பொரித்து, தட்டையாக நசுக்கி, மறுபடியும் பொரித்துத் தொட்டுக்கொள்வார்கள். போர்ட்டோரிக்கோக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் சமைக்கும் சோற்றில் சேர்ப்பது எது தெரியுமா? துவரை. சாம்பாருக்குப் போடுகிறோமே, அதே துவரைதான். இந்தியாவில் பிறந்த பயிர், எங்கெங்கோ சுற்றிக் கரீபியன் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே பண்டிகைச் சாப்பாடாகிவிட்டது. பானையின் அடியில் பிடிக்கும் காந்தலுக்குப் பேரப்பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள் என்று ஒரு பாட்டி சொன்னபோது எங்கள் வீட்டுச் சண்டைகள்தான் ஞாபகம் வந்தன.

இவர்களில் பலர் வேறு எங்கோ கொடுத்த ஓர் அச்சுத் தாளுடன் வருவார்கள். அரிசியைத் தவிர்க்கவும், வாழைக்காயைத் தவிர்க்கவும், கிழங்கைத் தவிர்க்கவும் என்று அதில் இருக்கும். சாப்பிட வேண்டியது என்று ஒரு சாலட் படம். தாளைக் கொடுத்தவரிடம் மரியாதையாகத் தலையாட்டியிருப்பார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் வழக்கம்போல் சோறு வடித்திருப்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை அளவு ஏறியிருக்கும், பழி நோயாளியின் தலையில் விழும்.

இந்தத் தாள்களுக்கு எதிர்த்திசையில் ஒரு வாழ்நாள் வேலையைச் செய்துவரும் ஓர் ஆராய்ச்சியாளரைத் தங்கள் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத்தான் இந்தக் கடிதம். பெயர் ஹோசியெமெர் மட்டேய். போர்ட்டோரிக்கோவில் பிறந்து வளர்ந்தவர். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் ஊட்டச்சத்துப் பேராசிரியராக இருக்கிறார். லத்தீனோ மக்களிடம் சர்க்கரை, இதய நோய் போன்ற நாள்பட்ட நோய்களை வராமல் தடுப்பது எப்படி என்பதே அவருடைய துறை.

அவருக்கு முன் நடந்த ஒரு வேலையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று ஆராய்ச்சியாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு கேள்வித்தாள்தான். இந்த உணவை வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று நீளமாகப் போகும். அமெரிக்காவில் புழங்கிய படிவங்கள் வெள்ளை அமெரிக்கரின் சாப்பாட்டை மனத்தில் வைத்துத் தயாரானவை. கிழங்கும் வாழைக்காயும் சோறுமாக வாழும் ஒருவரிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்தால் அவர் சாப்பிடுவதில் ஒரு பகுதி கணக்கிலேயே வராது. அப்போது டஃப்ட்ஸில் இருந்த கேத்தரின் டக்கரும் ஒடிலியா பெர்முடெஸ் உள்ளிட்ட சக ஆராய்ச்சியாளர்களும், போர்ட்டோரிக்கோ மக்கள் உண்மையில் சாப்பிடும் உணவுகளையும் அளவுகளையும் சேர்த்துப் படிவத்தைத் திருத்தி 1998இல் வெளியிட்டார்கள். கேட்பதற்கு அலுவலக வேலை மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடந்த பெரிய காரியங்களில் அது ஒன்று. தட்டில் இருப்பது தெரியாமல் தட்டை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அந்தப் படிவத்தோடு டக்கர் 2004இல் தொடங்கியதுதான் பாஸ்டன் போர்ட்டோரிக்கோ சுகாதார ஆய்வு. பாஸ்டன் வட்டாரத்தில் 45 முதல் 75 வயது வரையுள்ள சுமார் 1,500 பேர். ஸ்பானிஷும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேட்டி எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், 12 மணி நேரச் சிறுநீரையும் சேகரித்தார்கள். பத்தில் ஏறக்குறைய நான்கு பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது.

2009இல் இந்த ஆய்விலிருந்து ஒரு கட்டுரை வந்தது. சப்ரினா நோயலும் டக்கரும் மற்றவர்களும் எழுதியது. சோறு, பீன்ஸ், எண்ணெய் என்று பாரம்பரிய முறையில் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு வளர்சிதை மாற்றக் கோளாறு கூடுதலாக இருந்தது என்பது அதன் முடிவு. இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து கெடுவதை அப்படிச் சொல்வார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, ‘பாரம்பரியச் சாப்பாடுதான் கெடுதல், விட்டுவிடுங்கள்’ என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம்! அச்சுத் தாள் அடிப்பவர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

மட்டேய் அதை வேறு விதமாகக் கேட்டார். சோறும் பீன்ஸும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஆனால் இரண்டும் உடம்புக்குள் ஒரே வேலையைச் செய்வதில்லை. தீட்டிய அரிசி சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். பீன்ஸில் நார்ச்சத்தும் புரதமும் இருப்பதால் அது மெதுவாகச் செரிக்கும். அப்படியானால் இந்த இரண்டில் எது எவ்வளவு என்பதைத்தானே பார்க்க வேண்டும்? இதற்கு அவர் போன இடம் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்கா. அங்கேயும் காலையிலிருந்தே சோறும் பீன்ஸும்தான். ஹன்னியா காம்போஸ் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ஆய்வுத் தரவுகளிலிருந்து, சர்க்கரை நோய் இல்லாத 1,879 பேருடைய சாப்பாட்டை எடுத்து, காம்போஸும் ஃபிராங்க் ஹூ என்ற இன்னோர் ஆராய்ச்சியாளரும் கூட இருக்க, மட்டேய் அலசினார். 2011இல் முடிவு வந்தது. ஒரு பங்கு வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாக ஒரு பங்கு பீன்ஸ் என்று கணக்கிட்டால், வளர்சிதை மாற்றக் கோளாறு இருக்கும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது.

இது மக்களைக் கவனித்துப் போட்ட கணக்கு. ஆளுக்கு ஆள் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்துச் செய்த சோதனை அல்ல. பீன்ஸ் அதிகம் சாப்பிடுபவர் வேறு விதங்களிலும் ஒழுங்காக இருப்பவராக இருக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் அதையெல்லாம் கணக்கில் கழிக்கப் பார்க்கிறார்கள், முழுதாகக் கழியாது. ஆனால் ஓர் ஆலோசகராக எனக்கு இதில் பிடித்தது, இதை நான் நோயாளியிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்பதுதான். ‘சோற்றை ஒரு கரண்டி குறையுங்கள், பீன்ஸை ஒரு கரண்டி கூட்டுங்கள்.’ புது மளிகை வேண்டாம், புதுச் சமையல் வேண்டாம், மருமகளுக்குத் தனியாக, மாமியாருக்குத் தனியாக என்று இரண்டு அடுப்பு வேண்டாம். மறுமுறை வரும்போது ‘செய்தேன்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். வாயு பிடிக்கிறது என்றும் சொல்வார்கள், அது உண்மைதான். இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கச் சொல்கிறேன், ஒரேயடியாகக் கூட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்கிறேன். டப்பாவில் வரும் பீன்ஸ் என்றால் கழுவிவிட்டுப் போடச் சொல்கிறேன், உப்பு குறையும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு, அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

மட்டேயின் வேலை சாப்பாட்டோடு நின்றுவிடவில்லை. பாஸ்டன் ஆய்வில் அவர் முதலில் கையிலெடுத்தவற்றில் ஒன்று, நாள்பட்ட மன அழுத்தம் உடம்பின் பல உறுப்புகளில் மெல்ல மெல்லச் சேர்த்துவைக்கும் தேய்மானம். மேலே சொன்ன 12 மணி நேரச் சிறுநீர் இதற்குத்தான் பயன்பட்டது. கார்ட்டிசால் போன்ற அழுத்த ஹார்மோன்கள் அதில் தெரியும். அவற்றோடு இரத்த அழுத்தம், இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டார்கள். 2010இல் வந்த கட்டுரையின்படி, அந்தத் தேய்மானம் கூடியவர்களிடம் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதய நோய், மூட்டுவாதம் வரை கூடுதலாகக் காணப்பட்டன. என் நோயாளிகளில் இரவு ஷிப்ட் முடித்து விடிகாலையில் வந்து, தூங்கி எழுந்து, இன்னொரு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களிடம் கரண்டிக் கணக்கு மட்டும் பேசினால் போதாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாடகையைக் குறைக்க என்னிடம் சீட்டு எழுதும் அதிகாரம் இல்லையே!

லத்தீனோ என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுவதும் அபத்தம். பிராங்ஸ், சிகாகோ, மியாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 16,000க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்க அரசு நிதியில் ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. சர்க்கரை நோய் தென்னமெரிக்கப் பூர்வீகம் கொண்டவர்களிடம் 10.2 சதவீதம், மெக்சிகோ பூர்வீகம் கொண்டவர்களிடம் 18.3 சதவீதம் என்று அதில் தெரிந்தது. உணவின் தரமும் அப்படியே ஆளுக்கொரு விதம் என்பதை மட்டேயும் சகாக்களும் அந்தத் தரவை வைத்தே 2016இல் காட்டினார்கள். மக்காச்சோள ரொட்டி சாப்பிடும் மெக்சிகோக்காரருக்கும் சோறு சாப்பிடும் போர்ட்டோரிக்கோக்காரருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் எப்படி? ‘தென்னிந்தியர்’ என்று நமக்கு ஒரு தாள் அடித்துக் கொடுத்தால் நாம் சிரிக்க மாட்டோமா?

அடுத்து அவர் எடுத்தது, எல்லாரும் புகழும் மத்தியதரைக்கடல் உணவு. ஆலிவ் எண்ணெய், மீன், கொட்டைகள் என்று உங்கள் கட்டுரையிலும் வந்தது. 2017இல் பாஸ்டன் ஆய்வுத் தரவை வைத்து, போர்ட்டோரிக்கோ மக்களில் யாருடைய சாப்பாடு அந்த முறைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். இறைச்சியும் காய்களும் போட்டு வீட்டில் வைக்கும் சூப், பீன்ஸ், ஓட்ஸ் கஞ்சி என்று அவர்கள் அன்றாடம் சாப்பிடும் பண்டங்கள்தான் அந்த மதிப்பெண்ணைக் கூட்டின. இத்தாலிக்குப் போக வேண்டிய அவசியமில்லை, பாட்டியின் சூப்புப் பானை போதும் என்று நோயாளியிடம் சொல்வதற்கு எனக்கு அதனால் ஒரு ஆதாரம் கிடைத்தது. பிறகு தீவிலேயே ஒரு சிறு சோதனையும் வைத்தார். அந்த உணவு முறையைத் தீவின் சமையலுக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்து, பயறு வகைகளையும் தாவர எண்ணெயையும் கையிலேயே கொடுத்து, கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டினார்கள். பயறைக் கையில் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அறிவுரை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை.

போர்ட்டோரிக்கோவின் நிலைமை தெரிந்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். சாப்பாட்டில் சுமார் 85 சதவீதம் வெளியிலிருந்து கப்பலில் வருகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால் விலை இன்னும் ஏறுகிறது. 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்து, பல இடங்களில் மாதக்கணக்கில் மின்சாரம் இல்லை. கிழங்கும் வாழையும் விளையும் மண்ணில் மக்கள் டப்பா உணவைத் தின்று நாளைக் கழித்தார்கள். அதன்பின் 2019இல் மட்டேயும் தீவிலுள்ள சகாக்களும் 2,000 பேரைச் சேர்க்கும் இலக்கோடு ஒரு நீண்டகால ஆய்வைத் தீவிலேயே தொடங்கினார்கள். பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தவர்களைப் பற்றித் தெரிந்த அளவுக்குக்கூடத் தீவில் இருப்பவர்களைப் பற்றித் தெரியாமல் இருந்தது என்பதுதான் காரணம். சொந்த ஊருக்குத் திரும்பிச் செய்த வேலை என்பதால் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் பக்கம். இந்தக் கதைக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஹார்வர்டில் இருந்து, அடிப்படை உணவின் தரத்தைக் கூட்டிச் சர்க்கரை நோயைக் குறைப்பதற்கென்று பல நாடுகளைச் சேர்த்து ஒரு முயற்சி நடந்தது. 2015இல் அதை விவரித்து எழுதிய கட்டுரையின் முதல் ஆசிரியர் மட்டேய்தான். போர்ட்டோரிக்கோ, கோஸ்டா ரிக்கா, சீனா, நைஜீரியா என்று போகும் அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. இந்தியப் பகுதி சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் வி. மோகனின் சென்னை ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. அங்கே அதிக எடையுள்ளவர்களுக்கு வெள்ளை அரிசி, தவிட்டோடு கூடிய அரிசி, அந்த அரிசியோடு பயறு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, உடம்பில் கருவி பொருத்திச் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்தார்கள். வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால் 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் தவிட்டு அரிசியில் சுமார் 20 சதவீதமும், பயறும் சேர்ந்தபோது சுமார் 23 சதவீதமும் குறைவாக இருந்தது. முடிவு 2014இல் வெளியானது. இங்கே இது கவனிப்பு அல்ல, சோதனை.

அப்புறம் 2020இல் 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு. தெற்காசியாவில் வெள்ளைச் சோற்றை நாளுக்கு 450 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 சதவீதம் அதிகம். அளவுதான் பிரச்சினை என்பது இதிலேயே தெரிகிறதே! நம் வீட்டுத் தட்டைப் பாருங்கள். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு. சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று கரண்டி விட்டுத் துழாவினால் தெரியும்.

ஆகவே தங்கள் பகுதிக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை குயினோவா வேண்டாம். உங்கள் வாசகர்களிடமே கேளுங்கள்: நேற்று மதியம் எத்தனை கரண்டி சோறு, அதில் பருப்போ பயறோ எவ்வளவு? வரும் பதில்களை வைத்து எழுதுங்கள். சுண்டல், அடை, பருப்பு உசிலி, கொள்ளு ரசம், பச்சைப்பயறுக் கூட்டு, துவரம்பருப்புத் துவையல் இவையெல்லாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாதவை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பதை ஒரு கிண்ணம் கூட்டி, சோற்றை அதே அளவு குறைப்பது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது உங்கள் நிருபர்களுக்கு. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு 1 கிலோ. இலவச அரிசியை நான் குறை சொல்லவில்லை, அது பட்டினியை ஒழித்த திட்டம். ஆனால் சோற்றுக்கும் பருப்புக்கும் உள்ள விகிதத்தை முதலில் தீர்மானிப்பது சமையலறை அல்ல, அந்தக் கடை. அந்த 1 கிலோவை 2 கிலோவாகவோ 3 கிலோவாகவோ ஆக்க என்ன செலவாகும், அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பயறு வாங்கிக்கொள்ளலாம் என்று அட்டைதாரரே தேர்ந்தெடுக்க வழி உண்டா, கொள்ளும் பச்சைப்பயறும் விளைவிக்கும் நம் விவசாயிகளிடமே கொள்முதல் செய்ய முடியுமா என்று உணவுத் துறை அதிகாரிகளிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தச் செய்தி வந்தால் என் அக்கா பேப்பரை மடித்து வைக்க மாட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
லாரன்ஸ், மாசசூசெட்ஸ்.
(பெயர் வெளியிட வேண்டாம்)